கந்தை என்று சொல்லலாமா? டோல்கேட் ஆசிரியையின் ஒட்டுப்போர்வையும் அதன் பின்னுள்ள வரலாறும்





டோல்கேட்டில் நமக்கு மூன்றாம் வகுப்பில் பாடம் சொல்லித்தந்த ஆசிரியை ஒருவர் இருக்கிறார். பணி ஓய்வு பெற்றுப் பல்லாண்டுகள் ஆகின்றன. ஊரார் நம்மை ஹஜ்ரத் என்று அழைத்தாலும் அவருக்கு நாம் இன்றும் 'தம்பி'தான். நமக்கு அவர் 'டீச்சர்'. சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் அவரைக் காணச் சென்றிருந்தோம். வாசல் நடையில் அமர்ந்து, பெரிய துணியொன்றை மடியில் பரப்பி, மூக்குக் கண்ணாடியைச் சற்றே கீழிறக்கிச் சிறுசிறு தையல்களாகப் போட்டுக்கொண்டிருந்தார். பணியில் இருந்த காலத்திலும் மதிய உணவு இடைவேளையில் அவர் கையில் ஊசியும் நூலும் இருந்ததை நாம் கண்டிருக்கிறோம். அன்று தொடங்கிய ஆசை இன்றும் அவரை விடவில்லை.

மடியில் கிடந்த துணியின் ஒவ்வொரு துண்டையும் விரலால் தொட்டுக் காட்டினார். "இது எங்க வீட்டுக்காரர் கைலி. இது பெரியவளோட பாவாடை. இந்த நீலம் ஸ்கூல் யூனிஃபார்ம். இது எங்கம்மா கட்டின கடைசிச் சேலை." சொல்லி முடித்துவிட்டு நம்மை நிமிர்ந்து பார்த்தார். "பார்க்கிறவங்க எல்லாம் கந்தைன்னு சொல்றாங்க தம்பி. நீ ஓதினவன். நீயே சொல்லு, இது கந்தையா?"

விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. அதற்கு நம் வாழ்விலேயே ஒரு காரணம் உண்டு. அதை இறுதியில் சொல்வோம். அவருக்குச் சொல்லத் தவறிய விடையைத் தேடித்தான் சில வாரங்களாகப் பழைய நூல்களைப் புரட்டினோம். தேடக் கிடைத்தவற்றை இங்கே வைக்கிறோம்.

பெயரிலிருந்து தொடங்குவோம்

இரண்டு மூன்று அடுக்குத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அவை நழுவாதபடி ஊடே நெருங்கத் தைத்து உருவாக்கும் போர்வையை ஆங்கிலத்தில் 'குயில்ட்' என்பர். நடுவில் பஞ்சு வைப்பதும் உண்டு. பழைய சேலையை வைப்பதும் உண்டு. உருது பேசும் வீடுகளில் இது 'ரஜாய்' என்றும் 'லிஹாஃப்' என்றும் வழங்கும். 'லிஹாஃப்' அரபுச் சொல். ஆயிஷா (ரலி) அவர்களின் சிறப்பைச் சொல்லும் ஸஹீஹுல் புகாரியின் நபிமொழி ஒன்றில், வஹீ இறங்கிய வேளையோடு சேர்த்து இந்தப் போர்வையின் பெயரும் இடம்பெற்றிருப்பதை ஓதியவர் அறிவர்.

வங்காளத்தில் இதன் பெயர் 'காந்தா'. பீகாரில் 'சுஜனி'. சிந்து, ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் 'ரல்லி'. மராட்டியத்தில் 'கோதடி'. கர்நாடகத்தில் 'கவுதி'. தமிழில் நாம் இழிவாகச் சொல்லும் 'கந்தை'யும் வங்காளிகள் பெருமையாகச் சொல்லும் 'காந்தா'வும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை. சொல் ஒன்றுதான். வங்கத்தில் அது கைவினையின் பெயராயிற்று; இங்கே வறுமையின் பெயராகவே நின்றுவிட்டது.

வங்க முஸ்லிம் கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் 'நக்ஷி காந்தார் மாட்' என்னும் கதைக் கவிதையை வெளியிட்டார். கணவனைப் பிரிந்த கிராமத்துப் பெண் ஒருத்தி தன் வாழ்வின் நிகழ்வுகளையெல்லாம் ஒரு போர்வையில் தைத்துவைத்துவிட்டு இறக்கிறாள். அப்போர்வை அவளுடைய கப்ரின் மீது விரிக்கப்படுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கு ஊசியே எழுதுகோலாக இருந்ததை அந்நூல் வங்கத்தாருக்கு நினைவூட்டிற்று. பங்களாதேஷ் உருவான பின்னர் அந்நாட்டுப் பெண்களுக்கு இத்தையல் ஒரு வாழ்வாதாரமாகவும் ஆனது.

இவையெல்லாம் தொலைவில் உள்ள ஊர்களின் கதைகள் என்று எண்ண வேண்டா. நாம் தினமும் நடக்கும் தெருக்களே துணியால் பெயர்பெற்றவை.

நம் தெருக்களின் பெயர்களில் உள்ள துணி

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியது. அதில் ஏறுவோர் ஒலிபெருக்கியில் கேட்கும் பெயர்களைச் சற்றே கவனிக்கட்டும். புது வண்ணாரப்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை என்று வரிசையாக வரும்.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1639-இல் இக்கரையில் இடம் பெற்றதற்கு முதற்காரணம் துணி. இயற்கைத் துறைமுகம் இல்லாத, அலை மோதும் வெறும் மணற்கரை இது. ஆயினும் இப்பகுதியில் பருத்தித் துணி தரமாகவும் மலிவாகவும் கிடைத்தது. வாங்கிய துணியை வெளுத்துக் கப்பலேற்ற வேண்டும். அதற்காக வெளுப்போர் குடியிருந்த பேட்டையே வண்ணாரப்பேட்டை.

நெசவாளர்களைத் தம் கோட்டைக்கு அருகிலேயே குடியேற்றக் கம்பெனியார் விரும்பினர். 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் திருவொற்றியூரின் அருகே நெசவாளர் குடியிருப்பு ஒன்றை ஏற்படுத்தினார். அது 'காலெட் பேட்டை' எனப்பட்டது. மக்கள் நாவில் அது காலடிப்பேட்டையாயிற்று. இன்று அப்பெயரைக் கேட்போர் யாருடைய காலடியோ பட்ட இடம் என்று எண்ணுகின்றனர். உண்மையில் அது தறி ஓடிய இடம். பின்னர் 1734-இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் கூவம் ஆற்றங்கரையில் மற்றொரு நெசவாளர் குடியிருப்பு எழுந்தது. 'சின்னத் தறிப்பேட்டை' என்ற அது இன்றைய சிந்தாதிரிப்பேட்டை.

ஆக, டோல்கேட்டுக்குத் தெற்கே துணி வெளுத்தார்கள். வடக்கே துணி நெய்தார்கள். சாலையில் இன்று கொள்கலன் லாரிகள் இடைவிடாது ஓடுகின்றன. அவற்றின் இரைச்சலுக்கு நடுவே அமர்ந்து டீச்சர் ஊசி கோக்கும்போது, அவர் இந்த மண்ணின் மிகப் பழைய தொழிலின் ஓரத்தில்தான் அமர்ந்திருக்கிறார்.

கைலி சொல்லும் கதை

டீச்சரின் போர்வையில் நடுவில் இருந்தது ஒரு கட்டம்போட்ட கைலித் துண்டு. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையின் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்து, கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்குவது அவர்கள் வணிகம். அத்தீவுகளின் மக்களுக்குப் பொன்னையும் வெள்ளியையும்விட இக்கரையின் வண்ணத் துணி மேல் விருப்பம் மிகுதி. டச்சுக்காரர் வருவதற்கு முன்பிருந்தே தமிழ் முஸ்லிம் மரக்காயர்கள் இதே துணியை ஏற்றிக்கொண்டு மலாக்கா வரை சென்று வந்தனர்.

மலேசியாவில் முஸ்லிம் ஆண்கள் வீட்டிலும் தொழுகைக்கும் உடுத்தும் கட்டம்போட்ட கைலிக்கு மலாய் மொழியில் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். 'பெலிக்காட்' என்பது பழவேற்காட்டையே குறிக்கும். தமிழ்நாட்டுக் கடைகளிலும் 'பாளையக்காட் லுங்கி' என்ற பெயரை நாம் கேட்டிருக்கிறோம். இன்று கைலி குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் நெய்யப்படுகிறது. ஊர் மாறிய பின்னும் பெயர் மாறவில்லை. கோலாலம்பூரில் ஃபஜ்ருக்குப் பள்ளிவாசல் செல்லும் ஒருவர் தம் இடுப்பில் வட சென்னைக்கு அடுத்த ஊரின் பெயரைக் கட்டிச் செல்கிறார். அவருக்கும் அது தெரியாது, நம்மில் பலருக்கும் தெரியாது.

அந்தக் கைலி நைந்தால் என்ன ஆகும்? நம் வீடுகளில் அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. புதிதாக இருக்கையில் ஜும்ஆவுக்கு. சற்றே வெளுத்தால் வீட்டுக்கு. மேலும் நைந்தால் நடுவில் வெட்டி, பிள்ளைக்குத் தூளி. தூளிக்கும் ஆகாதபோது நாலைந்து கைலிகளைச் சேர்த்துத் தைத்துப் பாயின் மேல் விரிக்கும் போர்வை. பலமுறை துவைத்த பருத்தியைப் போல் மென்மையானது வேறில்லை. பிறந்த குழந்தையின் தோலுக்கு அது உறுத்தாது. புதுத்துணியில் கஞ்சி இருக்கும், முரடு இருக்கும். இதனால்தான் வங்கத்திலும் பச்சிளம் குழந்தைக்கான காந்தாவைப் பழைய சேலைகளைக் கொண்டே தைத்தனர்.

மாளிகையில் அழகு, குடிசையில் கந்தை

இனிக் கடலுக்கு அப்பால் செல்வோம். இக்கரையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற துணிகளில் புகழ்பெற்றது கையால் வண்ணம் தீட்டிய 'சின்ட்ஸ்'. அதில் கட்டில் விரிப்பாகச் செய்த பெரிய துணிக்குப் 'பாலம்போர்' என்று பெயர். கட்டில் விரிப்பு என்று பொருள்படும் 'பலங்போஷ்' என்ற சொல்லின் திரிபு அது. நடுவே கிளை விரித்த பெருமரமும் அதைச் சுற்றிப் பூவும் பறவையுமாகத் தீட்டியிருப்பர்.

அதைச் செய்யும் முறையைப் புதுச்சேரிப் பகுதியில் பணியாற்றிய கேர்தூ என்னும் பாதிரியார் 1742-இல் கடிதமாக எழுதி வைத்தார். துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் சேர்த்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பர். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலாலும், கருமை வேண்டிய இடத்தில் இரும்புக் கரைசலாலும் வரைவர். பின்னர்ச் சாயவேர் இட்டுக் கொதிக்க வைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பற்றிக்கொள்ளும். நீலம் வேண்டுமெனில் நீலம் படக்கூடாத இடங்களை மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் முக்குவர். ஒவ்வொரு படிக்கும் இடையே துவைப்பு, வெயில், மீண்டும் துவைப்பு. இப்படிச் செய்த நிறம் எத்தனை முறை துவைத்தாலும் போகாது. அன்றைய ஐரோப்பியச் சாயக்காரர்கள் பருத்தியில் இதைச் செய்ய அறியாதிருந்தனர்.

விளைவு என்ன? அங்குள்ள கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்தனர். பிரான்சு 1686-இல் இத்துணிகளுக்குத் தடை விதித்தது. இங்கிலாந்து 1700-இல் இயற்றிய சட்டத்தால் இந்திய வண்ணத் துணிகளை உள்நாட்டுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதைத் தடுத்தது. 1719-இல் லண்டன் தெருக்களில் இத்தகைய உடை அணிந்து சென்ற பெண்களின் ஆடையை நெசவாளர் கும்பல் கிழித்தெறிந்தது. 1721-இல் வந்த சட்டமோ இன்னும் ஒருபடி மேலே சென்றது. உடுத்துவதை மட்டுமன்றிக் கட்டில், நாற்காலி, மெத்தையணை, ஜன்னல் திரை ஆகியவற்றுக்கு இத்துணிகளைப் பயன்படுத்துவதையும் குற்றமாக்கியது. நம் கரையில் தீட்டிய விரிப்பு ஒன்று ஒரு பேரரசின் பாராளுமன்றத்தைப் படுக்கையறை வரை சட்டம் இயற்ற வைத்தது.

துணி அரிதாகும்போது துண்டின் விலை ஏறும். வட இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹால் மாளிகையில் ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று பாதுகாக்கப்படுகிறது. 1708 அளவில் தைக்கப்பட்டதாகக் கூறப்படும் அது, இங்கிலாந்தில் இன்று எஞ்சியிருக்கும் ஒட்டுத்தையல்களில் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. அது இந்திய வண்ணத் துணிகளின் துண்டுகளால் ஆனது. நைந்துபோன சின்ட்ஸிலிருந்து பூவையும் பறவையையும் மட்டும் கத்தரித்தெடுத்து வெள்ளைத் துணியில் வைத்துத் தைக்கும் ஒரு முறையும் அங்கே செல்வர் வீட்டுப் பெண்களிடையே பரவியது. ஒரு சிறு பூவைக்கூட எறிய அவர்களுக்கு மனம் வரவில்லை.

இங்கே சற்று நிற்போம். பழைய துணியை வெட்டி ஒட்டி அந்த மாளிகைப் பெண்கள் செய்தது கலை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னே வைத்துக் காக்கிறார்கள். அதே வேலையை, அதே நாட்டுத் துணியில், டோல்கேட்டில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை செய்தால் கந்தை. துணியில் வேறுபாடு இல்லை, தையலில் வேறுபாடு இல்லை. பார்க்கும் கண்ணில்தான் வேறுபாடு.

சித்திப் பெண்களின் கவந்தி

தென்னிந்தியாவில் ஒட்டுப்போர்வைக் கலையை இன்றளவும் உயிரோடு வைத்திருப்போரில் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி மக்கள் முதன்மையானவர்கள். எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டங்களின் காட்டோரச் சிற்றூர்களில் வாழும் இவர்கள் ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள். இவர்களின் முன்னோர் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டனர். அகமதுநகர் அரசைத் தாங்கி நின்று, முகலாயப் படைகளைப் பல்லாண்டு திணறடித்து, 1626-இல் மறைந்த மாலிக் அம்பரும் எத்தியோப்பியாவிலிருந்து அடிமையாக வந்தவரே. ஆனால் எல்லோரும் மாலிக் அம்பர் ஆகவில்லை. கோவாவின் போர்ச்சுகீசியரிடமிருந்து தப்பிய பலர் காடு புகுந்தனர். சித்திகளில் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் இந்துக்களும் உள்ளனர். கர்நாடகத்தில் 2003-இல்தான் அவர்களுக்குப் பட்டியல் பழங்குடித் தகுதி கிடைத்தது.

இவர்கள் தைக்கும் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். அடியில் ஒரு பழைய சேலையை விரிப்பர். ஒரு மூலையில் தொடங்கி, வண்ணத் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே நடுப்பகுதிக்கு வந்து சேர்வர். முன்கூட்டி வரைந்த படம் இல்லை, அளவுகோல் இல்லை. எந்த நிறத்துக்கு அருகே எந்த நிறம் என்பது தைக்கும் கையின் முடிவு. முஸ்லிம் வீடுகளின் கவந்திகளில் பிறைச் சின்னமும் கிறித்தவர் வீடுகளில் சிலுவைச் சின்னமும் இடம்பெறுவதுண்டு. பேரப்பிள்ளைகளுக்காகத் தைப்போர் பெரும்பாலும் மூத்த பெண்களே.

எல்லாத் தையலும் முடிந்த பின் ஒரு கடைசி வேலை உண்டு. நான்கு மூலைகளிலும் சிறிய துணியை முக்கோணமாக மடித்து வைத்துத் தைப்பர். அதற்குப் 'பூலா', அதாவது பூ, என்று பெயர். அதனால் போர்வைக்குக் கூடுதல் கதகதப்பு ஏதுமில்லை. பயன் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆயினும் பூ இல்லாத கவந்தி ஆடையில்லாதது போன்றது என்பது அப்பெண்களின் எண்ணம். இல்லாமையில் வாழ்ந்தவர்கள் இவர்கள். ஆனாலும் தம் பேரப்பிள்ளையின் மேல் வெறும் துணியைப் போர்த்த அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி டிரூவல் இப்போர்வைகளை ஆராய்ந்து உலகறியச் செய்தார். 2004-இல் சித்திப் பெண்களின் தையல் கூட்டுறவு அமைப்பு தொடங்கப்பட்டது. 2011-இல் நியூயார்க்கில் உள்ள ஷோம்பர்க் மையத்தில் இப்போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

மார்க்கம் ஒட்டுத்துணியை எவ்வாறு கண்டது?

'நீ ஓதினவன்' என்று டீச்சர் சொன்னதால் இதையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள் என்று பதிலளித்ததை இமாம் அஹ்மத் பதிவு செய்துள்ளார்கள். ஊசி பெண்ணின் கைக்கு மட்டும் உரியது என்று எண்ணும் ஆண்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்கட்டும்.

உமர் (ரலி) அவர்கள் அமீருல் முஃமினீனாக இருந்த காலத்தில் அவர்களின் தோள்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் தைக்கப்பட்டிருந்ததைத் தாம் கண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் கூறுவது இமாம் மாலிக்கின் முவத்தாவில் உள்ளது. பாரசீகத்தின் செல்வம் மதீனாவுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. இல்லாமையால் போட்ட ஒட்டு அல்ல என்பது தெளிவு.

ஒட்டுப் போடாதவரை ஓர் ஆடையைப் பழையதென்று ஒதுக்க வேண்டாம் என்னும் கருத்தில் ஒரு நபிமொழியும் பயான்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. திர்மிதியில் அது உள்ளது. ஆனால் அதை அறிவிக்கும் ஸாலிஹ் பின் ஹஸ்ஸான் என்பவர் பலவீனமானவர். இமாம் திர்மிதியே அதை 'ஃகரீப்' என்று குறித்துள்ளார்கள். எனவே அதை ஆதாரமாக நாம் முன்வைக்கவில்லை. உமர் (ரலி) அவர்களின் தோளில் இருந்த ஒட்டே நமக்குப் போதும்.

பிற்காலத்தில் ஸூஃபிகளிடையே ஒட்டுத்துணி அங்கி ஓர் அடையாளமாயிற்று. லாகூரில் அடங்கியுள்ள ஹுஜ்வீரி (ரஹ்) அவர்கள் பதினோராம் நூற்றாண்டில் எழுதிய கஷ்ஃபுல் மஹ்ஜூபில் 'முரக்கஆ' எனப்படும் இந்த அங்கியைப் பற்றித் தனி அத்தியாயமே உண்டு. அடையாளம் என்று ஆகிவிட்டால் போலியும் வந்துவிடும் அல்லவா? 1201-இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் தம் தல்பீஸ் இப்லீஸில் இதைக் கடுமையாகச் சாடினார்கள். எளிமையைக் காட்டிக்கொள்வதற்காக நல்ல துணியை வேண்டுமென்றே வெட்டிப் பல நிற ஒட்டுகளாகத் தைத்து உடுத்துவது எளிமையும் ஆகாது, சிக்கனமும் ஆகாது. அது வீண்விரயம், அதன்மேல் முகஸ்துதி.

இக்கண்டனம் இக்காலத்துக்கும் பொருந்தும். கடையில் புதுத்துணி மீட்டர் கணக்கில் வாங்கி, அதைத் துண்டாக்கி, 'பேட்ச்வொர்க்' என்று பெயர் சூட்டி உயர்ந்த விலைக்கு விற்பதும் வாங்குவதும் இன்று நடக்கின்றன. கைவினையாக அதைச் செய்வோர் பிழைப்பை நாம் குறை கூறவில்லை. ஆனால் டீச்சரின் போர்வையையும் அதையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. மிஞ்சியதைக் காப்பதற்காகத் தைப்பது ஒன்று. மிஞ்சியது போல் தோன்றுவதற்காகத் தைப்பது வேறொன்று.

நபி (ஸல்) அவர்களின் துணைவியார் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கைகளால் தோல் பதனிட்டு, தைத்து, கிடைத்ததை ஸதகா செய்தார்கள். துணைவியரில் 'கை நீளமானவர்' என்று நபியவர்கள் முன்னறிவித்தது அவர்களைத்தான் என்று பின்னர்ப் புரிந்தது. தைத்த கை கொடுத்த கையாகவும் இருந்தது.

நாம் செய்த பிழை

இனி நம் கதைக்கு வருவோம்.

நம் தாயாரும் இத்தகைய போர்வை ஒன்றைத் தைத்து வைத்திருந்தார்கள். நம் தந்தையாரின் கைலிகளும், தாயாரின் வெள்ளைத் துப்பட்டி ஒன்றும், நாம் மக்தபுக்கு அணிந்து சென்ற ஜிப்பாவும் அதில் இருந்தன. நாம் பட்டயம் முடித்துப் பணியில் சேர்ந்து, வீட்டுக்கு வெள்ளையடித்து, தங்கையின் நிக்காஹ் பேச்சுக்காக மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்த வேளை. கொடியில் தொங்கிய அந்தப் போர்வை நம் கண்ணை உறுத்தியது. வருபவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம் வந்தது. தெருவில் வந்த பழைய துணிக்காரரிடம் அதைப் போட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கினோம். மாலையில் தாயார் கொடியைப் பார்த்தார்கள். குடத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் வஃபாத்தாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நம்மிடம் அவர்கள் கையால் தைத்த ஒரு தையலும் இன்றில்லை.

உறுதியாக நூற்ற நூலைத் தானே துண்டு துண்டாகப் பிரித்துவிட்ட பெண்ணை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 92-ஆம் வசனம் உவமை காட்டுகிறது. அவ்வசனம் உடன்படிக்கையை முறிப்போரைப் பற்றியது. மாணவர்களுக்கு அதை அவ்வாறே கற்பித்துவருகிறோம். ஆயினும் அதை ஓதும்போதெல்லாம் நமக்கு அந்தக் குடம் நினைவுக்கு வருகிறது. அந்தப் பெண் தான் நூற்றதைத்தான் பிரித்தாள். நாமோ பிறர் நூற்றதை எறிந்தோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பகுதிகளில் நீர் புகுந்த வீடுகளை நாம் அறிவோம். நீர் வடிந்த பின் தெருவோரத்தில் குவிந்தவற்றில் பாதி, ஊறிப்போன மெத்தைகள். பஞ்சு மெத்தையும் ஃபோம் மெத்தையும் ஒருமுறை சாக்கடை நீரில் ஊறினால் மீட்பது அரிது. பழந்துணியால் தைத்த போர்வையை அலசலாம், பிழியலாம், மொட்டைமாடியில் உலர்த்தலாம். இரண்டு வெயிலில் மீண்டும் படுக்கலாம். டீச்சர் அந்நாட்களில் தம்மிடம் இருந்த போர்வைகளைக் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குக் கொடுத்துவிட்டதை அவர் சொல்லி நாம் அறியவில்லை. பெற்றுக்கொண்ட ஒருவர் பள்ளிவாசல் வாசலில் வைத்துச் சொன்னார்.

விடை

சென்ற வாரம் மீண்டும் அவரிடம் சென்றோம். மேலே எழுதியவற்றைச் சுருக்கமாகச் சொன்னோம். காலடிப்பேட்டையின் பெயர்க்காரணம் கேட்டுச் சிரித்தார். சித்திப் பெண்கள் மூலையில் வைக்கும் பூவைப் பற்றிச் சொன்னபோது மட்டும் ஊசியை நிறுத்திவிட்டு இருமுறை கேட்டுக்கொண்டார்.

"டீச்சர், இது கந்தை இல்லை" என்றோம். பின்னர் நம் தாயாரின் போர்வையைப் பற்றியும் சொன்னோம். இதுவரை யாரிடமும் சொல்லாத செய்தி அது.

அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "வீட்ல உங்கம்மா துணி ஏதாவது இருக்கா தம்பி?" என்று கேட்டார். தொழுகைத் துப்பட்டி ஒன்று இருப்பதாகச் சொன்னோம். "எடுத்துட்டு வா. உன் பழைய கைலி நாலு எடுத்துட்டு வா. நான் தைக்க மாட்டேன். நீதான் தைக்கணும். உட்கார்ந்து கத்துக்கோ" என்றார். மூன்றாம் வகுப்பில் கேட்ட அதே குரல்.

இப்போது வாரத்தில் இரண்டு மாலைகள் அங்கே செல்கிறோம். முதல் நாளில் விரலில் மூன்று இடங்களில் குத்திக்கொண்டோம். நம் தையல் கோணலாக இருக்கிறது. டீச்சர் பிரித்துவிட்டு மீண்டும் போடச் சொல்கிறார். மத்ரஸா மாணவர்கள் நால்வர் வேடிக்கை பார்க்க வந்தனர். அவர்களில் இருவர் கையில் இப்போது ஊசி இருக்கிறது.

சகோதர சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் ஒரு மூத்தவர் இதைத் தைத்திருப்பார். அவர் உயிரோடு இருந்தால் இன்றே அருகில் அமர்ந்து, எந்தத் துண்டு யாருடையது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் இல்லையெனில், பீரோவின் அடித்தட்டில் இருக்கும் அப்போர்வையை வெயிலில் காயவைத்து மடித்து வையுங்கள். விருந்தினர் வரும் நாளில் அதை ஒளிக்காதீர்கள்.

நம் பெற்றோரின் உழைப்பை மதிக்கும் உள்ளத்தையும், கிடைத்ததை வீணாக்காத கைகளையும் வல்ல ரஹ்மான் நமக்குத் தந்தருள்வானாக. நாம் அறியாமையால் எறிந்தவற்றை மன்னிப்பானாக. ஆமீன்.